காணாமல் போன மஞ்சள் அம்புகள்

போன வாரம் என் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மும்பை விமான நிலையத்தில் மறுபடியும் ஒரு டெர்மினலைப் பிரித்துக் கட்டப் போகிறார்களாம். வேலை நடக்கும் காலத்தில் உள்ளே இருக்கிற ஊழியர்களுக்கு அன்றாடம் தகவல் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருக்கிறது. "சார், போன தடவ நீங்கதான் எல்லாருக்கும் நோட்டீஸ் போட்டீங்களாமே. கையெழுத்து வாங்கின ரெஜிஸ்டர் ஏதாவது இருந்தா குடுங்களேன், ஃபார்மேட் பாத்துக்கறேன்" என்றாள். ரெஜிஸ்டர் இருக்கிறது, ஆனால் தர மனம் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ரெஜிஸ்டர் ஞாபகம் வரவில்லை, தேங்காய் எண்ணெய் வாசனைதான் வருகிறது.

என்னைப் பற்றி ஒரு பாராவுக்கு மேல் தாங்காது. பிறந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் டைப்பிங் பழகி, விமான நிலையத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, டியூட்டி ரூமில் நாற்காலியைத் தேய்த்து, செம்பூரில் வீடு பார்த்துப் போனவன். விமானம் ஓட்டத் தெரியுமா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். தெரியாது, கதவு எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியும் என்பேன். விளையாட்டுக்குச் சொன்னது கடைசியில் வேலையாகவே வந்து சேர்ந்தது.

டெர்மினலை மூடாமலே புதுப்பித்தார்கள். ஒரு பக்கம் விமானம் வந்து இறங்கும், இன்னொரு பக்கம் சுவரை இடிப்பார்கள். நேற்றுக் கதவு இருந்த இடத்தில் இன்றைக்கு ஜிப்சம் பலகை நிற்கும். பயணிகளுக்குச் சொல்ல பெரிய போர்டு, ஒலிபெருக்கி, சிரித்த முகத்தோடு வழிகாட்டும் பிள்ளைகள் எல்லாம் உண்டு. சுமை தூக்குகிறவர்கள், டிராலி தள்ளுகிறவர்கள், வீல்சேர்க்காரர்கள், துப்புரவு செய்கிறவர்கள், கேன்டீன்காரர்கள், கடை கண்ணியில் நிற்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சொல்ல நான் ஒருத்தன், ஒரு பிரிண்டர், ஒரு பெவிகால் டப்பா.

எனக்கு மேலே இருந்தவர் சாவந்த் மேடம். குள்ளமான உருவம், வாயில் எப்போதும் ஏலக்காய். நான் நோட்டீஸ் எழுதிக்கொண்டு போனால் அதை வாசிக்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் வீல்சேர் ஒன்றை இழுத்து, அதில் சட்டமாக உட்கார்ந்து, யாருடைய பையையாவது வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சலோ, தக்கா மாரோ" என்பார். தள்ளு என்று அர்த்தம். நான் நோட்டீஸை உரக்க வாசித்துக்கொண்டே அதில் உள்ளபடி அவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். "இடது பக்கம் திரும்பவும்" என்று எழுதியிருந்து அங்கே இடது பக்கம் சிமெண்ட் மூட்டை இருந்தால், அந்த இடத்திலேயே இறங்கி, காகிதத்தை நாலாகக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு நடந்து போய்விடுவார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் சட்டைப் பை அந்த வருஷம் முழுக்கக் குப்பைத்தொட்டியாகத்தான் இருந்தது.

இப்படித் தள்ளித் தேறிய நோட்டீஸை ரெஜிஸ்டரில் ஒட்டுவேன். கீழே பதினாலு கட்டம், உள்ளே வேலை செய்த பதினாலு கம்பெனிக்கும் ஆளுக்கொன்று. ஒவ்வொரு கம்பெனியின் சைட் இன்சார்ஜும் தன் ஆட்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு, சொன்னேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எப்படி நிரப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கேன்டீனுக்குப் போவேன். எல்லா இன்சார்ஜும் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, குடிக்க அங்கேதான் வருவார்கள். ரெஜிஸ்டரைத் திறந்து வைத்து, "பாஸ், இங்கே, இங்கே, இங்கே" என்பேன். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பேனா, ஒரே மூச்சில் அஞ்சு நோட்டீஸுக்குக் கையெழுத்து விழும். சொன்னீர்களா என்று ஒருத்தரையும் நான் கேட்டதில்லை. ஆடிட்டுக்கு வந்தவர்கள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, இப்படி ஒரு ரெஜிஸ்டர் பார்த்ததில்லை என்றார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவந்த் மேடம் மட்டும் ஒருநாள் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே, "இத்தனை கையெழுத்து இருக்கே, எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று ஹிந்தியில் கேட்டார். இரண்டும் ஒன்றுதானே மேடம் என்றேன். ஏலக்காயை மென்றுகொண்டே போய்விட்டார்.

அம்பு என்னுடைய யோசனை. காகிதத்தை யாரும் படிக்கவில்லை என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஊழியர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து அன்றைய தற்காலிகக் கதவு வரைக்கும் தரையில் மஞ்சள் அம்புகளை ஒட்டிவிட்டால்? எழுத்தே வேண்டாம், காலடியைப் பார்த்து நடந்தால் போதும். மேடத்தை வீல்சேரில் வைத்து அம்பைப் பார்த்தே தள்ளினேன். கிழிக்காமல் சம்மதித்தார். அம்பை யாரும் தொடக் கூடாது என்று ஒரு நோட்டீஸும் வழக்கம்போல ரெஜிஸ்டரில் ஏறியது. மறுநாள் ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வந்து பார்க்கிறேன், முப்பது அம்புகளில் ஒன்றுகூட இல்லை.

திரும்ப ஒட்டினோம். திரும்பவும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, குறுகுறுப்பாக இருந்தது. முப்பது அம்பை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? பயணிகளின் பிள்ளைகள் உரிக்கிறார்களா என்று இரண்டு மத்தியானம் தூணுக்குப் பின்னால் நின்றேன். பெட்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போகிறதா என்று வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்தேன். ஸ்டிக்கர் காணோம் என்பதற்கெல்லாம் கேமராவைப் போட்டுக் காட்ட மாட்டோம் என்று செக்யூரிட்டியில் சொல்லிவிட்டார்கள். பசை போதவில்லை என்று ஸ்டிக்கர் கடைக்காரரிடம் சொல்லி ஒரு படி கூட்டச் சொன்னேன். அதுவும் போயிற்று. இன்னும் கூட்டினார். அதுவும் போயிற்று. துப்புரவுக் கம்பெனி இன்சார்ஜைக் கேட்டேன். எங்கள் ஆட்கள் தொடவே மாட்டார்கள் என்று சாயை உறிஞ்சிக்கொண்டே அடித்துச் சொன்னார். யாரையும் கேட்காமல் சொல்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் அம்பு இருந்த இடத்தில் மண்டியிட்டுக் குனிந்தேன். லேசாகத் தேங்காய் எண்ணெய் வாசனை. அடுத்த அம்பு இருந்த இடத்திலும் அதே வாசனை. சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கொச்சி விமானத்தின் மேல் சந்தேகப்பட்டேன். தலையை நிமிர்த்தினால் சாவந்த் மேடம் நிற்கிறார். என்ன செய்கிறாய் என்றார். மோந்து பார்க்கிறேன் மேடம் என்றேன். விடிகாலை முதல் ஷிப்டுக்கு வந்து பார், இருந்து பார்த்தால் தெரிந்துபோகும் என்றார். சரி என்றேன். செம்பூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்கு நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓட்டினேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்றைக்கும் எனக்கு மன்னிப்புக் கிடையாது.

அந்த இரண்டு வாரத்துக்குள் அது நடந்தது. பழைய ஊழியர் வழி ஒன்றை மூடி, அதன் கதவை அவசரக் கதவாக மாற்றினார்கள். தள்ளினால் அலாரம் அடிக்கும். முந்தின நாள் சாயங்காலமே நோட்டீஸ் போட்டு, கேன்டீனிலேயே பதினாலு கட்டத்தையும் நிரப்பி, இருப்பதிலேயே முரட்டுப் பசை வைத்து அம்பு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் டோம்பிவிலியிலிருந்தும் வடாலாவிலிருந்தும் வந்த முதல் ஷிப்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அம்பு இல்லை. பழக்கப்பட்ட கதவுக்கே போய்த் தள்ளினார்கள். அலாரம் அடித்தது. செக்யூரிட்டி அந்தப் பகுதியையே மூடி, இருந்தவர்களை எல்லாம் ஓரமாக நிறுத்தி, மூலை முடுக்கெல்லாம் சோதித்தார்கள். பயணிகள் கத்த, விமானங்கள் காத்து நிற்க, நான் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு உள்ளே நுழைகிறேன்.

கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மற்ற ஊழியர்கள் வருவதற்கு முன்பே, துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருத்தி மண்டியிட்டு, ஒரு பாட்டிலிலிருந்து எதையோ தரையில் ஊற்றி, தகடு வைத்து அம்புகளைச் சுரண்டி எடுக்கிறாள். ஒரு மணி நேரம் சுரண்டுகிறாள். வழிகாட்டும் குறியை அழித்திருக்கிறாள், கையில் என்னவென்று தெரியாத திரவம் வேறு. அவளுடைய நுழைவு பாஸை அந்த இடத்திலேயே பறித்துவிட்டார்கள். விமான நிலையத்தில் பாஸ்தான் ஆள். அது ரத்தானால் எந்தக் கம்பெனிக்காரனும் அவளை வாசல்படி ஏற்ற மாட்டான்.

செக்யூரிட்டி ஆபீஸ் பெஞ்சில் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தாள். பேர் பாக்கியம். தாராவி என்றதும் நான் தமிழில் பேசினேன். என் பேச்சைக் கேட்டதும் அண்ணாச்சி என்று எழுந்தேவிட்டாள்.

"உக்காரும்மா. அந்த அம்ப எல்லாம் எதுக்கும்மா எடுத்த?"

"தரையில ஒட்டுனது எதா இருந்தாலும் சுரண்டணும்னுதான அண்ணாச்சி எங்களுக்குச் சொல்லிருக்காவ. பபுள்கம் இருந்தாலே கம்பெனிய ஏசுதாவ. இது இம்புட்டுப் பெருசா மஞ்சக்கலர்ல கெடந்தா விடுவாவளா?"

"பாட்டில்ல என்னது?"

"தேங்கா எண்ண. வீட்டுல இருந்து கொண்டாந்தேன். மொதல்ல நகத்தாலயே வந்துச்சு. பொறவு தகடு வேணும்னு ஆச்சு. பொறவு எண்ண இல்லாம அசையவே மாட்டேங்கு. எந்தக் கட்டையில போவான் நாளுக்கு நாள் பசையக் கூட்டுதான்னு தெனமும் வஞ்சிருக்கேன் அண்ணாச்சி. முட்டி ரெண்டும் போச்சு."

"நான்தாம்மா அந்தக் கட்டையில போறவன்" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதமாக நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே மல்லுக்கட்டியிருக்கிறோம். நான் ஒட்டியது அவள் நடப்பதற்காகவும்தான்.

பிறகு அவள் பையைத் திறந்தாள். பழைய மாதக் காலண்டர் தாள்கள். ஒவ்வொரு தாளின் வெள்ளைப் பக்கத்திலும் என் அம்புகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே பால்பாயிண்ட் பேனாவில், தமிழில், "சாமான் பெல்ட் மூணு, தூண் பக்கம்", "பொம்பளை கக்கூஸ் வாசல்", "தண்ணிக் குழாய் தாண்டி" என்று எழுதியிருந்தது. எதற்கு இது என்றேன்.

"கீழ கெடந்து எடுத்த சாமான்னா, எடுத்த எடத்த எழுதி ஒப்படைக்கணும். குப்பன்னா குப்பையில போடணும். இது சாமானா குப்பையான்னு எங்க சூப்பர்வைசர்ட்ட கேட்டேன். வேலையப் பாருன்னுட்டாரு. நாளைக்கு யாராச்சும் தேடிக்கிட்டு வந்தா குடுக்கணும்லா, அதான் வச்சிருந்தேன்." தாள்களை அடுக்கிக்கொண்டே, "பாஸ் போயிட்டுன்னா வீட்டுல உல வைக்க முடியாது அண்ணாச்சி. அவருக்குப் பட்டறையும் மூடிட்டாவ" என்றாள்.

அன்று மத்தியானமே விசாரணை. செக்யூரிட்டி அதிகாரி, துப்புரவுக் கம்பெனி இன்சார்ஜ், சாவந்த் மேடம், நான். பாக்கியம் கதவோரம் நின்றாள். அதிகாரி முதலில் கேட்டதே என் ரெஜிஸ்டரைத்தான். அம்புகளைப் பற்றிய நோட்டீஸ், துப்புரவுக் கம்பெனிக் கட்டம், அதில் அழகான கையெழுத்து. "ஆட்களுக்குச் சொன்னீர்களா?" என்று இன்சார்ஜைக் கேட்டார். "சொன்னேன் சாப், காலையில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன்" என்றார் அந்தப் புண்ணியவான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அதிகாரி பேனாவைத் திறந்தார். சொல்லியும் செய்திருக்கிறாள், தெரிந்தே செய்தது, பாஸ் ரத்து. முடிந்தது.

அந்தக் கையெழுத்து எங்கே விழுந்தது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும், அவருக்கும் எனக்கும். நான் வாயைத் திறந்தால் அந்த ஒரு கட்டத்தோடு நிற்காது. எல்லாப் பக்கமும், எல்லாக் கட்டமும், ஆடிட்காரர்கள் தட்டிக்கொடுத்த அத்தனையும் டீக்கடைக் கையெழுத்து என்று ஆகிவிடும். ரிட்டயராக இரண்டு வருஷம்கூட இல்லை, கடைசி பிரமோஷன் மேஜையில் இருக்கிறது. நான் உடனே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதிகாரி பேரை எழுதி, ஊரை எழுதி, எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்கும் வரைக்கும் சும்மா இருந்தேன். "பதினோரு வருஷம் சாப்" என்று பாக்கியம் ஹிந்தியில் சொன்னதும் எழுந்துவிட்டேன்.

"சாப், அந்தக் கையெழுத்தை நான் கேன்டீனில் வாங்கினேன்" என்றேன். "அவர் நோட்டீஸைப் படிக்கவில்லை. படித்தீர்களா என்று நானும் கேட்கவில்லை. இதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை."

இன்சார்ஜ் ஹிந்தியில் குதித்தார். நான் பாக்கியத்திடம் பையை வாங்கி, காலண்டர் தாள்களை மேஜையில் விரித்தேன். தமிழ் தெரியாத அதிகாரிக்கு ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் மாற்றிப் படித்துக் காட்டினேன். குறியை அழிக்க நினைக்கிறவள் அதை எடுத்த இடத்தோடு எழுதிப் பத்திரப்படுத்துவாளா என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டதையும் சொன்னேன். இத்தனை கம்பெனியில், இந்த அம்பு என்ன என்று வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் இவள்தான் சாப் என்றேன். அதிகாரி தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு அம்பை விரலால் உரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நல்ல பசை" என்றார். அந்த அறையில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

வெளியே வந்ததும் சாவந்த் மேடம் ஒரு வீல்சேரில் உட்கார்ந்து, "சலோ" என்றார். அம்பு இல்லாத வழியில் மெதுவாகத் தள்ளினேன். கதவு வந்ததும் இறங்கினார். "நீ என்னைத் தள்ளியது எல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கு. காலை ஐந்து மணிக்கு இந்தத் தரையில் யார் இருக்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை" என்றார். பாராட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. எனக்கு மெமோ வந்தபோது அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பிரமோஷன் போனது போனதுதான். இன்சார்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு நான் இன்னும் பொருமிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பத்து நாள் கழித்துப் பாக்கியத்துக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்து மணிக்கே போய்விட்டேன். துடைப்பமும் பக்கெட்டும் அடுக்கிய அறையில் பதினோரு பெண்கள் நின்றார்கள். அம்பு இனிமேல் தரையில் கிடையாது, தூணில் இருக்கும், அதை எடுக்காதீர்கள் என்றும், சாமான் ஏற்றும் பக்கத்துக் கதவு நாளை முதல் இடம் மாறுகிறது என்றும் நோட்டீஸ். மூன்றே வரி. ஒரு தடவை எல்லாருக்கும் பொதுவாக வாசித்துவிட்டு, ரெஜிஸ்டரைத் திறந்து பேனாவைப் பாக்கியத்திடம் நீட்டினேன்.

அவள் பேனாவை வாங்கி மூடி போட்டாள். "இன்னொருக்கா வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தேன்.

"தூண்னா எந்தத் தூணு? பச்சத் துணி சுத்திருக்காவளே, அதா? துணிய எடுத்துட்டாவன்னா?"

அது எனக்குத் தெரியாது. குறித்துக்கொண்டேன்.

"புதுக் கதவு வழியா பக்கெட்டு வண்டி போவுமா? படி இருக்கா?"

"படி எல்லாம் இல்லம்மா."

"நீங்க பாத்தியளா?"

வரைபடத்தில் பார்த்திருந்தேன். அவளோடு நடந்து போனேன். இரண்டு படி இருந்தது. திரும்பி வந்து, அந்த வரியை அடித்துவிட்டு வேறு வழியை எழுதினேன். அதையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அதற்கப்புறம்தான் மூடியைத் திறந்து, பாக்கியம் என்று தமிழில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

அடுத்து நின்றவள் மாஹிமிலிருந்து வரும் ஒரு மராத்திக்காரி. எந்தக் காகிதத்திலும் பார்க்காமல் கிறுக்கிவிட்டுப் போகிறவள் என்று பேர். பேனாவை வாங்கினாள், பாக்கியத்தை ஒரு பார்வை பார்த்தாள், அவளும் மூடி போட்டாள். "மலா பண் வாசூன் தாக்வா" என்றாள். எனக்கும் வாசித்துக் காட்டு என்று.

பதினோரு தடவை வாசித்தேன். தொண்டை கட்டிப்போய், ஆறாவது பெண்ணுக்குப் பாக்கியமே தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாள். முடிக்கும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. ரெஜிஸ்டரைப் பார்த்தேன். பதினாலு கட்டத்தில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது, அதுவும் பதினோரு கையெழுத்தும் கொள்ளாமல் பக்கத்துக் கட்டத்துக்குள் வழிந்திருந்தது. பதிமூன்று காலி. கேன்டீனுக்குப் போய் இரண்டு வடாபாவ் வாங்கித் தின்றேன். நன்றாக இறங்கியது.